தலைமடை

எங்கள் வீட்டில் மேசை ஒன்று, மானிட்டர் ஒன்று, கீபோர்டு ஒன்று, மௌஸ் ஒன்று. கம்ப்யூட்டர் மட்டும் இரண்டு. லேப்டாப் என்னுடையது; சரியாகச் சொன்னால் பெங்களூரில் இருக்கும் என் கம்பெனியுடையது. டெஸ்க்டாப் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. "எழுதுறதுன்னா எழுதிக்கோங்க, என் பேரைப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டதால் இந்தக் கட்டுரை முழுக்க அவள் 'அவள்'தான்.

மகுடஞ்சாவடிப் பக்கம் குடியிருக்கிறோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவன், பிறகு திரும்பிப் போகவில்லை. நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங். அவள் செய்வது சேலை டிசைன். இளம்பிள்ளை எங்களுக்குப் பக்கம். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் விசைத்தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தறியில் ஏறும் பார்டர், முந்தி, புட்டா எல்லாம் முதலில் அவளைப் போல யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தவைதான். ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கும் இடம். அங்கே பாவு மேலே தூக்க வேண்டுமா, கீழேயே கிடக்க வேண்டுமா என்பதைத்தான் கட்டம் சொல்கிறது.

முன்பெல்லாம் இதை அட்டையில் ஓட்டை அடித்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டில் மாட்டுவார்கள். பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. இந்த அட்டைகளைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டை போடத் திட்டமிட்டார். ஆக, எங்கள் மேசையில் மூத்த தொழில் அவளுடையது. என்னுடையது அதற்குப் பேத்தி முறை. இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டைக்குப் பதில் பென் டிரைவில் ஃபைல் போகிறது. அந்தப் பென் டிரைவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கீபோர்டு வாங்கினால் தீர்ந்ததே என்று உங்களுக்குத் தோன்றும். வாங்கினோம். மேசை நாலடி. அவளுடைய துணி மாதிரிகள், கட்டம் போட்ட நோட்டு, நூல் கலர் அட்டை, என்னுடைய நோட்டு, இரண்டு டீ டம்ளர் எல்லாம் வைத்த பிறகு இரண்டாவது கீபோர்டு மடியில்தான் உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் பரணுக்குப் போனது.

*

மானிட்டரின் விளிம்பில் நாலு யூஎஸ்பி துளைகள் இருந்தன. கீபோர்டையும் மௌஸையும் அதில் செருகினேன். பின்பக்கம் தனியாக, கிட்டத்தட்டச் சதுரமாக இன்னொரு துளை. அதிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். படம் போவது எச்டிஎம்ஐ கேபிளில்; அது இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக உண்டு. ஆனால் எச்டிஎம்ஐ யூஎஸ்பியைச் சுமக்காது. பட்டனை அமுக்கினால் திரையில் படம் மாறும், கீபோர்டு மாறாது. திரையில் அவளுடைய மயில், என் கையில் என் லேப்டாப்பின் கீபோர்டு. முதல் நாள் அரை மணி நேரம் அவள் டைப் அடித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாத என் ஆபீஸ் சாட்டில் விழுந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி என்று படித்துப் பார்த்தேன். யூஎஸ்பி 1996-இல் வந்தது. இன்டெல்லில் அதன் பின்னால் முக்கியமாக நின்றவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். வீட்டில் பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடுதான் தன்னை யோசிக்க வைத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் போட்ட அடிப்படை விதி ஒன்று: ஒரு மரத்துக்கு ஒரு வேர்தான். வேரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கிளைகளில் 127 கருவிகள் வரை இருக்கலாம், ஆனால் எதுவும் தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்க வேண்டும், கருவி பதில் சொல்ல வேண்டும். சாதாரண கீபோர்டு ஒன்றிடம் நொடிக்கு 125 தடவை "ஏதாவது இருக்கா?" என்று கேட்கப்படுகிறது. பெரும்பாலும் பதில் "இல்லை". நாம் ஒரு எழுத்தைத் தட்டும்போது மட்டும் "இருக்கு".

மானிட்டருக்குள் இருக்கும் ஹப் இந்த மரத்தின் ஒரு கணு. கம்ப்யூட்டரைப் பார்த்த பக்கத்துத் துளைக்கு 'அப்ஸ்ட்ரீம்' என்றும், கருவிகளைப் பார்த்த பக்கத்துக்கு 'டவுன்ஸ்ட்ரீம்' என்றும் பெயர். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் ஊர் பரமத்தி வேலூர் பக்கம். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பாயும் பூமி. தலைமடை, கடைமடை என்ற வார்த்தைகளை நான் பால்குடி வயசிலிருந்தே கேட்டிருக்கிறேன். எங்கள் ஹப்புக்குத் தலைமடை ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேர்.

*

முதல் எட்டு மாதம் கேபிளை மாற்றிச் செருகித்தான் ஓட்டினோம். 'ஓட்டினோம்' என்று எழுதுகிறேன், மாற்றியது அவள்தான். கேபிளின் இயல்பான இடம் என் லேப்டாப் என்று எப்படியோ ஆகிவிட்டது. அப்படி யாரும் முடிவு செய்யவில்லை. அவளுக்கு வேலை வரும்போது உருவி, மேசைக்கடியில் குனிந்து, டெஸ்க்டாப்பின் முதுகில் தடவிச் செருகுவாள். முடிந்ததும் மறுபடி கொண்டுவந்து என் லேப்டாப்பில் மாட்டிவிட்டுப் போவாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதைப் போல. நான் ஒரு தடவைகூட மேசைக்கடியில் குனிந்ததாக ஞாபகம் இல்லை. மாதாமாதம் ஒண்ணாந்தேதி சம்பளம் போடும் கம்ப்யூட்டர் என்னுடையது. அவளுக்கு டிசைன் கணக்கில் காசு, அதுவும் தறிக்காரர்கள் கொடுக்கும்போது.

பிறகு ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குக் கேபிள் வரும், அதிலிருந்து மானிட்டருக்கு ஒன்று போகும். மேலே ஒரு பட்டன், இரண்டு விளக்கு: 1, 2. அவளுக்காகத்தான் வாங்கினேன், அதில் பொய் இல்லை. ஆனால் 1 என்று போட்ட துளையில் என் லேப்டாப்பைச் செருகினேன். ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் பெட்டி முதலில் 1-ஐத்தான் பிடிக்கும். பெட்டியையும் என் வலது கைப்பக்கம் ஒட்டி வைத்தேன். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்தேன் என்பதைத்தான் இப்போது யோசிக்கிறேன்.

பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது என்றால், ஹப்பில் இருக்கும் எல்லாமே பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கப்படுகின்றன. கையால் உருவுவதும் இதுவும் ஒன்றேதான். புதிய கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து "நீ யாரு?" என்று விசாரித்து ஒரு எண் கொடுக்கும். கீபோர்டுக்கும் மௌஸுக்கும் இதனால் நஷ்டம் இல்லை, ஓரிரு நொடியில் வந்துவிடும். ஆனால் பாதி எழுதிக்கொண்டிருக்கும் பென் டிரைவுக்கு அப்படியில்லை.

*

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. எனக்கு மீட்டிங். தறிக்காரர் அனுப்பிய பையன் வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். அவள் ஒரு ஃபோல்டர் நிறைய டிசைனை, மானிட்டர் துளையில் செருகிய பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பழைய பென் டிரைவ், மெதுவாகத்தான் ஏறும். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். நாற்காலி காலி. நான் உட்கார்ந்து படத்தை மாற்றினேன், பட்டனை அமுக்கினேன். லேப்டாப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது: வெளிச் சேமிப்புக் கருவிகளுக்கு அனுமதி இல்லை என்று. மூடிவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

அவள் திரும்பி வந்தபோது திரையில் என் மீட்டிங். டெஸ்க்டாப் அதன் பாட்டுக்கு ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும், ஆனால் அதைக் காட்டத் திரை இல்லை. ஏறி முடிந்திருக்கும் என்று நினைத்துப் பென் டிரைவை உருவிப் பையனிடம் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் போன். "தங்கச்சி, பாதி டிசைன்தான் வந்திருக்கு. கேட்ட முந்தியைத் தறி எடுக்கவே மாட்டேங்குது." உடனே வாட்ஸாப்பில் அனுப்பினாள். ஆனால் பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது. தறிக்காரர் நூல் எடுக்கச் சேலம் போய்விட்டார். பையன் மறுபடி வந்து பென் டிரைவை நிரப்பிக்கொண்டு போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தத் தறியில் காலையிலேயே பாவு பிணைத்து வைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நாள் முழுக்கக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சேலை இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

அவள் அந்த ஒரு நாள் கூலியைக் கவரில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினாள். என்னிடம் சத்தம் போடவில்லை. "ஏங்க, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "சாரி, மீட்டிங் அவசரம்" என்றேன்.

ராத்திரி என் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. காலை 9.31-க்கு அனுமதியில்லாத சேமிப்புக் கருவி இணைக்கப்பட்டிருக்கிறது, காரணம் தெரிவிக்கவும். உட்கார்ந்து இரண்டு பத்தி விளக்கம் எழுதினேன். இனி நடக்காது என்று உறுதி கொடுத்தேன். வருத்தம் தெரிவித்தேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கம்பெனிக்கு இரண்டு பத்தி. அவளுக்கு மூன்று வார்த்தை, அதில் இரண்டு சாக்கு.

*

அப்பாவின் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம், மேட்டுக்காடு. வாய்க்கால் வசதி கிடையாது, கிணறுதான். 1997-இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததே, அந்த வருஷம்தான் எங்கள் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் பாகம் பிரிந்தார்கள். காட்டை அளந்து பிரித்துவிட்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு மோட்டார், ஒரு குழாய், அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கேட் வால்வு. ஒருநாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு. த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது ஓட்டிக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நாளில் வரப்போரத்து வேப்பமரம் ஒன்றில் சண்டை வந்து, பேச்சு நின்றது. நான் சின்னப் பையனாக லீவுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குக்கூட எதிரெதிர்த் திண்ணைதான். ஆனால் கிணற்று மேட்டில் ஒன்று மட்டும் நடக்கும். முறை முடிந்ததும் அடுத்தவர் வந்து வால்வில் கை வைப்பார். வைத்துவிட்டு, தென்னை மரத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்:

"மாத்தட்டுமா?"

காட்டுக்குள்ளிருந்து பதில் வரும். "இரு, ஒரு பாத்தி இருக்குது."

அவர் வால்வில் கை வைத்தபடியே நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "ம்ம், மாத்து."

பேசாதவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தி பாதி நனைஞ்சு நின்னா பயிருக்குத்தானே கேடு. பயிரா சாமி சண்டை போட்டுச்சு?"

மெயில் அனுப்பிய அந்த ராத்திரி, அந்தத் தறியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு என் மீட்டிங்கும் தெரியாது, எங்கள் வீட்டுப் பட்டனும் தெரியாது.

*

இப்போது சில விஷயங்களை மாற்றியிருக்கிறோம். பென் டிரைவை மானிட்டரில் செருகுவதில்லை, நேராக டெஸ்க்டாப்பின் முன்துளையில்தான். ஹப்பில் கீபோர்டும் மௌஸும் மட்டும். பெட்டியை மேசைக்கு நடுவில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். 1-லிருந்து என் கேபிளை உருவி 2-இல் போட்டு, அவளுடையதை 1-இல் செருகினேன். அதற்காக மேசைக்கடியில் குனிந்தபோதுதான் தெரிந்தது: டெஸ்க்டாப்பின் பின்பக்கம் அத்தனை இருட்டு, சுவரில் ஒரு ஆணி வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதம் அவள் கை அந்த ஆணியைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறது. அதை அடித்து உள்ளே இறக்கினேன்.

காலையில் மெயின் ஸ்விட்சைப் போட்டால் இப்போது கீபோர்டு அவளிடம் போகிறது. எனக்கு வேண்டுமென்றால் கேட்க வேண்டும். முதல் வாரம் கடுப்பாகத்தான் இருந்தது. மீட்டிங்குக்கு ஐந்து நிமிஷம் முன்பே எழுந்து வந்து நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போது அவள் வரைவதைப் பார்ப்பேன். ஒரு மயிலின் கழுத்துக்கு எத்தனை கட்டம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை அவளுடைய வேலை நேரத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் ஒரு முந்தி கொடுக்க வேண்டுமாம். கொஞ்ச நேரமாக நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். ஒரு கை பட்டன் மேல் இருக்கிறது.

"மாத்தட்டுமாங்க?"

"இரு, ஒரு பாத்தி இருக்குது."