வேன் கூரையில் ஏர்கோன், வெளியே ஜெனரேட்டர்

அண்ணன் வாங்கிய பழைய கேம்பர் வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. கூரையில் ஏர்கோனும் இருந்தது. அதை ஓட்ட மின்சாரம்தான் இல்லை. கேமரன் மலைக்குப் போனால் அது தேவைப்படாது. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல்தான் வேண்டும். போர்ட்டிக்சனிலோ செராத்திங்கிலோ மூடிய வேனுக்குள் படுத்தால் புழுக்கம் எப்படியிருக்கும் என்று மலேசியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா வேறு. "அத்தை வராம என்ன லீவு?" என்று அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஜெனரேட்டர் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வானொலியில் வேலை செய்கிறவளுக்கு எல்லாக் கருவியும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

கூரை ஏர்கோன் 13,500 பிடியூ. ஓடும்போது சுமார் 1,400 வாட் இழுக்கும். கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடையில், "2,000 வாட் எடுங்க பாஸ், தாராளமாப் போதும்" என்றார்கள். கணக்கும் சரியாகத்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தோட்டத்தில் வயர்மேனாக இருந்தவர்.

"ஓடுறதுக்கு 1,400 சரி பாப்பா. கிளம்புறதுக்கு எவ்வளவு?" என்றார்.

தோட்டத்து ஃபேக்டரியில் பெரிய மோட்டாரைப் போட்டதும் லயத்து விளக்குகள் ஒரு கணம் மங்கிப் பிறகு தெளியுமாம். ஏர்கோன் கம்ப்ரஸரும் அதே சாதிதான். நின்றிருப்பதைச் சுழல வைக்கும் அந்த முதல் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல் சில மடங்கு மின்சாரம் கேட்கும். கொடுக்க முடியாவிட்டால் ஜெனரேட்டர் முனகிவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். ஒரு தடவை கிளம்பிவிட்டால் போதும் என்றும் இல்லை. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும், சூடு ஏறியதும் மறுபடி கிளம்பும். இரவு முழுக்க இதே கதை.

அதன் பிறகு ஜெனரேட்டர் பெட்டியைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. கொஞ்ச நேரம்தான் தாங்கும். தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். 2,000 வாட் வகையில் அது பல சமயம் 1,600, 1,800 என்று இறங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து இணையத்தில் வாங்க நினைப்பவர்கள் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

அப்படியானால் 3,000 வாட்டுக்கு மேல் வாங்கிவிட வேண்டியதுதானே? அண்ணன் அதைத்தான் சொன்னார். எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது கனம்: தூக்கி இறக்கப் போவது நாங்கள்தான். இரண்டாவது சத்தம்.

சத்தம் என் தொழில். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாசார் மாலாமில் அப்பம் பாலிக் கடைக்குப் பின்னால் அலறுகிற திறந்த வகை ஜெனரேட்டரின் பக்கத்தில் யாரும் தூங்க முடியாது. இன்வெர்ட்டர் வகை மூடிய பெட்டிக்குள் இருக்கும். சுமை குறையும்போது எஞ்சின் வேகமும் குறையும். ஆனால் விளம்பரத்தில் '57 டெசிபல்' என்று மட்டும் இருந்தால் அது பாதிக் கணக்கு. எத்தனை மீட்டர் தள்ளி அளந்தார்கள், எவ்வளவு சுமையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்குச் சத்தம். பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் படுத்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

பேட்டரிப் பெட்டி வாங்கலாமே என்றாள் அலுவலகத் தோழி. சத்தமில்லை, புகையில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் 2,000 வாட்-மணி பெட்டி எங்கள் ஏர்கோனை ஒன்றரை மணி நேரம்கூட ஓட்டாது.

கடைசியில் ஏர்கோனுக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினோம். கம்ப்ரஸரை மெல்ல மெல்லக் கிளப்பி அந்த முதல் இழுப்பைக் குறைக்கும் சிறிய கருவி அது. அதனால் சுமார் 20 கிலோ எடையுள்ள, தொடர்ந்து 1,800 வாட் தரக்கூடிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரே போதுமானது. ஏர்கோன் ஓடும்போது கெட்டிலைப் போட முடியாது. பரவாயில்லை.

சண்டை வந்தது அதற்குப் பிறகு. வேனின் பின்பக்கம் ஒரு பெட்டி அடித்து, ஜெனரேட்டரை அதற்குள்ளேயே வைத்து ஓட்டலாம் என்றார் அண்ணன். மழைக்கும் பாதுகாப்பு, திருட்டுக்கும் பாதுகாப்பு என்றார். நான் முடியாது என்றேன். பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவர் எழாமலே போய்விடலாம். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் புகை உள்ளே வரும் வழி அதுவாகவே இருக்கலாம்.

"நீ ரொம்பத்தான் பயப்படுற பாப்பா," என்றார் அண்ணன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் அம்மாவும் அந்த வேனுக்குள்தான் படுப்பார்கள் என்றேன். அண்ணி ஒன்றும் பேசவில்லை. பெட்டி அடிக்க அளவெடுத்த காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டார்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. ஜெனரேட்டர் வேனிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில், புகைவாய் வேனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்கும். அதற்குத் தடித்த 10 மீட்டர் வயர் வாங்கினோம். மெல்லிய வயர் நீண்டால் சூடாகும், வோல்ட்டும் குறையும். மழை பெய்தால் ஓட்டமாட்டோம். படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை ஏர்கோன். பிறகு ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, கொசுவலை போட்ட ஜன்னலும் பேட்டரி விசிறியும். எல்லாரும் தூங்கும்போது அது ஓடக் கூடாது என்பதில் அப்பா என் பக்கம். விடிய விடிய ஏர்கோன் வேண்டுமென்றால் மின்சார பிளக் உள்ள முகாம் தளத்துக்குப் போவோம். காசு கொஞ்சம் கூடத்தான்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு செராத்திங். அம்மா பை கட்டத் தொடங்கிவிட்டார். தோசை மாவு அரைக்கும் மிக்ஸி அந்த ஜெனரேட்டரில் ஓடுமா என்று நேற்று கேட்டார். ஏர்கோனை நிறுத்திவிட்டு ஓட்டலாம் என்று அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.