தகரக் கொட்டிலுக்குள் ஒரு ஃப்ரீசர்

அப்பாவின் ஓட்டோ நின்ற இடத்தில் இப்போது ஒரு ஃப்ரீசர் நிற்கிறது. அதை வாங்குவதற்கு எங்கள் வீட்டில் நான்கு மாதம் சண்டை நடந்தது. ஒரு பெட்டிக்கு நான்கு மாதமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன்.

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. பக்கத்தில் தகரம் போட்ட கொட்டில். அப்பா போன பிறகும் ஓட்டோ அதற்குள்தான் நின்றது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் அதை விற்றோம். அதன்பிறகு கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. மத்தியானத்தில் மான்கள் வந்து நிழலுக்குப் படுத்திருக்கும்.

அம்மா மீன் வெட்டிக் கழுவி, அரைக் கிலோப் பைகளாகக் கட்டி, வேலைக்குப் போகும் ஆட்களுக்கு விற்கிறா. எங்கள் பக்கத்துக் கடலைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கடல் அமைதி, மீன் மலிவு. வாடைக் காற்று தொடங்கினால் வள்ளங்கள் கரையில் கிடக்கும், விலை ஏறிவிடும். மலிந்த காலத்தில் வாங்கி வைத்தால் மழைக்காலத்திலும் விற்கலாம். அதற்குத்தான் ஃப்ரீசர். குசினிக்குள் இடமில்லை. "கொட்டிலுக்குள்ள வைப்பம். ஆக்கள் கேட்டடியிலயே வாங்கிக்கொண்டு போவினம்" என்றா அம்மா.

காசு தருவதாகச் சொன்னது ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா. ஆனால் கொட்டில் என்றதும் அவன் மறித்தான். அவனுக்கு ஒரு அனுபவம் இருந்தது. கனடா போன முதல் மாரிகாலத்தில், வாடகை வீட்டின் சூடாக்காத கராஜுக்குள் மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ் உள்ள பழைய பெட்டி ஒன்றை வைத்திருக்கிறான். வெளியே பனி கொட்டுது, உள்ளே ஐஸ்கிரீம் தண்ணியாய்க் கிடக்குது. முதலில் பெட்டி பழுதென்று நினைத்தானாம். பழுதில்லை. அந்தப் பெட்டிக்கு வெப்பத்தைப் பார்க்கும் கருவி ஒன்றுதான், அதுவும் கீழே ஃபிரிட்ஜ் பக்கத்தில். கராஜ் 2, 3 பாகையில் இருந்தால் ஃபிரிட்ஜ் பக்கம் தானாகவே குளிர்ந்துவிடும். கருவி "போதும்" என்று முடிவெடுக்கும். கொம்பிரசர் ஓடாது. மேலே ஃப்ரீசர் மெல்ல மெல்ல உருகும். குளிர் கூடியதால் உருகிய இறைச்சி!

"கராஜுக்குள்ள வைக்காத, நான் பட்டனான்" என்றான்.

"அண்ணா, இஞ்ச பனி பெய்யிறேல்ல" என்றேன்.

ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குள் நின்றது. பெட்டி எந்த இடத்தில் நிற்கப் போகிறதோ அந்த இடத்தை முதலில் அள. ஒரு வெப்பமானியை வாங்கிக் கொட்டிலுக்குள் தொங்கவிட்டேன். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம், பகல் இரண்டு மணி. குசினியில் 33 பாகை. கொட்டிலுக்குள் 41.

ஃப்ரீசரின் உள்ளே கழிவு 18 பாகை இருக்கவேண்டும். வெளியே 30 என்றால் வித்தியாசம் 48. வெளியே 41 என்றால் 59. உள்ளே புகும் சூடு இந்த வித்தியாசத்தோடு சேர்ந்தே கூடும். அதோடு, எடுத்த சூட்டை வெளியே தள்ளவும் கொம்பிரசர் கூடக் கஷ்டப்படும். அண்ணாவின் பெட்டி வேலை செய்யாமல் பழுதாக்கியது. எங்களுடையது ஓய்வில்லாமல் வேலை செய்து பழுதாகும்.

இதற்கென்றே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எழுத்து இருக்கிறது. பின்பக்கமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் தகட்டில் "காலநிலை வகுப்பு" என்று தேடுங்கள். எஸ்.என். என்றால் 10 தொடக்கம் 32 பாகை வரையான இடத்துக்குச் செய்தது. என். என்றாலும் மேல் எல்லை 32தான். எஸ்.டி. என்றால் 38 வரை. டி. என்றால் 43 வரை. எங்கள் ஊரில் டி. இல்லாத பெட்டியைக் கொட்டிலுக்குள் வைப்பது, ஆளை வெயிலில் நிறுத்திவிட்டு மூட்டை தூக்கு என்று சொல்வதுபோல. மூன்று கடை ஏறினோம். இரண்டு கடையில் அந்த எழுத்தைப் பற்றிக் கேட்டபோது, "அக்கா, கலர் என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அண்ணா அனுப்பிய படங்கள் எல்லாம் பெரிய இரண்டு கதவு, ஐஸ் படியாத வகை. அந்த வகை அடிக்கடி தன்னைத்தானே சூடாக்கி ஐஸை உருக்கும். கதவைத் திறந்தால் குளிர்காற்று கீழே கொட்டிப் போய்விடும், குளிர்காற்றுக்குப் பாரம் அதிகம். மேலே மூடி உள்ள பெட்டி வகையில் அது கிணற்றுத் தண்ணிபோல உள்ளேயே நிற்கும். கரண்ட் போனால் நீண்ட நேரம் தாங்குவதும் அதுதான். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் விட்டால் ஏறத்தாழ 48 மணித்தியாலம், பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் என்பது பொதுவான கணக்கு.

இந்தக் கணக்கில் நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்தக் கிழமை எங்கள் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மூன்று கிலோ சூரை இருந்தது. உருகியது. இரவு கரண்ட் வந்து திரும்ப இறுகியது. அடுத்த நாளும் அப்படியே. "மணம் ஒண்டும் இல்ல" என்று அம்மா குழம்பு வைத்தா. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் தம்பிக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது. பெற்றோல் இல்லாத இரவு. பக்கத்து வீட்டு அண்ணையின் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நாங்கள் இதைக் "கிரந்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். டொக்டர் விளங்கப்படுத்தினார். சூரை, கெலவல்லா மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் பக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைத்தாலும் போகாது, திரும்ப உறைய வைத்தாலும் போகாது. மணமும் காட்டிக்கொடுக்காது. தம்பி காலையில் எழும்பிவிட்டான். அம்மா ஒரு வருஷம் சூரை வாங்கவில்லை.

ஆகவே எனக்கு இது ஒரு சாமான் வாங்குகிற கதை இல்லை. இனி அம்மாவின் பையை வாங்கிச் சாப்பிடப்போவது ஊர்ப் பிள்ளைகள்.

அடுத்த தடை கரண்ட் பில். எங்கள் வீட்டில் மாதம் 55 யூனிட் அளவில் ஓடும். இலங்கையில் 60 ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. பார்த்து வைத்த பெட்டியின் தகட்டில் நாளுக்கு 0.7 யூனிட் என்று இருந்தது. மாதம் 21. அதுவும் பரிசோதனை அறைக் கணக்கு, தகரக் கொட்டிலின் கணக்கு இல்லை. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதைப் பார்த்த அம்மா, கொப்பியில் எழுதி எழுதி வெட்டினா. "கிழமைக்குப் பன்னிரண்டு பை வித்தாத்தான் பில்லுக்குக் காணும்" என்று கடைசியில் சொன்னா. அண்ணா கேட்ட பெரிய பெட்டிக்கு அந்தக் கணக்கு வரவே வராது. காசு அண்ணாவுடையது, பில் அம்மாவுடையது. இதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அம்மா கேக்கிறதையே எடு" என்றான்.

150 லீற்றர், மேல்மூடி, டி. வகுப்பு. குளிராக்கும் குழாய்கள் சுவருக்குள்ளேயே இருப்பதால் உப்புக்காற்று நேரடியாகப் படாது. ஆனால் சுவர் சூடாகும், ஆகவே சுற்றிவர ஒரு சாண் இடைவெளி. கீழே மரக்கட்டை, துருப்பிடிக்காமல். ஒழுங்கான எர்த். தகரத்துக்குக் கீழே பெரியப்பா கிடுகு வேய்ந்து தந்தார். அடுத்த நாள் வெப்பமானி 36 காட்டியது. நாங்கள் செலவழித்த காசிலேயே கூடப் பிரயோசனப்பட்டது அந்தக் கிடுகுக் காசுதான் என்று இப்பவும் நினைக்கிறேன்.

இன்னொரு சின்ன வேலை. ஒரு கப்பில் தண்ணி வைத்து உறையவிட்டு, மேலே ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தேன். நாங்கள் இல்லாத நேரம் கரண்ட் போய் எல்லாம் உருகித் திரும்ப இறுகினால், குற்றி கீழே போயிருக்கும். "காசை ஏன் பிள்ளை குளிரில வைக்கிறாய்?" என்று அம்மா சிரித்தா.

மார்கழியில் ஒரு அந்தியேட்டிக்கு மட்டக்களப்புக்குப் போய் நான்கு நாள் நின்றோம். திரும்பி வந்தபோது ஒழுங்கை முழுக்கச் சேறு. கொட்டிலுக்குள் பெட்டி வழமைபோல உறுமிக்கொண்டு நின்றது. மூடியைத் திறந்தேன். பாதிப் பெட்டி மீன், எல்லாம் கல்லுப்போல. கப்பை எடுத்தேன். குற்றி அடியில் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டோம். மரம் விழுந்து இரண்டரை நாள் லைன் இல்லையாம்.

பதினான்கு பை. வாடைக் காலத்து விலை. கட்டியிருந்த ஆட்கள் அடுத்த நாள் காலையில் வருவார்கள். அம்மா ஒரு பையைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தா. மணம் ஒன்றும் இருந்திருக்காது.

பிறகு கப்பை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் இருந்த குற்றியைப் பார்த்தா.

"மம்பெட்டி எங்க கிடக்கு?" என்றா.

முருங்கைக்குப் பக்கத்தில் இரண்டு பேருமாக வெட்டினோம். நாயும் பூனையும் கிண்டாமல் ஆழமாக. அந்த மாத பில்லுக்குப் பன்னிரண்டு பைக் கணக்கு சரிவரவில்லை, அண்ணாதான் அனுப்பினான். தையில் திரும்பவும் தொடங்கினா. கப்பில் புதுத் தண்ணி ஊற்றி, இறுகியதும் குற்றியை மேலே வைத்தது இந்த முறை அம்மா.