இல்லாத சுவர்

சித்திரக்காரனுக்கு வர்ணம் வேண்டும். சிற்பிக்குக் கல் வேண்டும். கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவனுக்குக் காகிதமாவது வேண்டும். இவை எதுவும் வேண்டாம், வெளிச்சமும் வெற்றிடமும் போதும் என்று ஒரு கூட்டம் 1960-களில் தெற்குக் கலிபோர்னியாவில் கிளம்பியது. இது கலையா, கண்கட்டு வித்தையா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர்களில் ஒருவர் ராபர்ட் இர்வின். தம் படைப்புகளைப் போட்டோ எடுக்கக்கூடாது என்று பல வருஷங்கள் தடை போட்டிருந்தார். நேரில் வந்து நின்று பார்ப்பதுதான் படைப்பு. போட்டோவில் அது அகப்படாது என்பது அவர் கட்சி.

இன்னொருவர் ஜேம்ஸ் டரெல். 1943-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். கல்லூரியில் மனோதத்துவம் படித்தவர். 1966-ல் அவர் செய்த காரியம் இது: இருட்டறையின் ஒரு மூலையில் புரொஜெக்டரால் வெள்ளை வெளிச்சத்தைப் பாய்ச்சினார். எட்ட நின்று பார்ப்பவர் கண்ணுக்கு, அங்கே வெள்ளைக் கனசதுரம் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. கிட்டே போனால் அது மாயமாகி, சுவரில் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. சரி, குட்டு வெளிப்பட்டது என்று பின்னால் நகர்ந்தால், மறுபடியும் அதே கனசதுரம்!

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 'மறுபடியும்'தான். மோசடி என்றால், விஷயம் தெரிந்ததும் செத்துப்போகும். கலை அப்படிச் சாவதில்லை.

என் நாவல் ஒன்றில் நோயாளித் தாய் ஒருத்தி வருகிறாள். அவளுக்கு மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்ப விலாசம் கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்படி ஒருத்தி இல்லையம்மா என்று பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவரிடமிருந்து மறுகடிதம் வந்தது: "தெரிந்துகொண்டேன். அந்த அத்தியாயத்தைத் திரும்பவும் படித்தேன். திரும்பவும் அழுதேன்."

1980-ல் நியூயார்க் விட்னி மியூஸியத்தில் டரெலின் கண்காட்சி நடந்தது. வெறும் வெளிச்சத்தைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்த ஒரு பெண்மணி கீழே விழுந்து அடிபட்டார், வழக்கும் போட்டார். இல்லாத சுவரைக் கட்டியவர் குற்றவாளியா, சாய்ந்தவர் அசடா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். இல்லாத சுவர்களைக் கட்டுவதே தொழிலாகக் கொண்ட நான், விழுந்தவர் பக்கம்தான். தூர நின்று தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். சாய்ந்து பார்த்த அந்த அம்மாளைவிடப் பெரிய ரஸிகர் யார்?