வாசற்படி

ஒருநாள் நள்ளிரவில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். 'வேறு யாராவது போவார்கள்' என்று அங்கேயே நின்றுவிட்டேன். அப்படி நின்றது இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் 1999-ல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, விசேஷப் படை வரட்டும் என்று போலீஸார் வெளியே காத்திருந்தார்கள். அந்தத் தவற்றிலிருந்து புதிய பாடம் பிறந்தது: முதலில் வருகிறவன் உடனே உள்ளே போக வேண்டும். அதைக் கற்பிக்க 2002-ல் டெக்ஸாஸ் சர்வகலாசாலை ஒன்றில் ஒரு மையமே தோன்றியது; சர்க்கார் பணம் கொடுத்தது. போலீஸ் மானியத்தை இதற்கும் செலவிடலாம் என்று 2016-ல் சட்டமும் வந்தது.

அதே டெக்ஸாஸில், யுவால்டிப் பள்ளியில், 2022 மே 24 அன்று நடந்தது என்ன? பள்ளிப் போலீஸாருக்கு இரண்டு மாதம் முன்புதான் பயிற்சி நடந்திருந்தது. சில நிமிஷங்களில் வந்தும் விட்டார்கள். ஆனால் கொலைகாரனை வீழ்த்த 77 நிமிஷம் ஆயிற்று. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள்.

அதனால் பயிற்சிப் பணம் வீண் என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். ஒருநாள் படித்த பாடம் நடுங்கும் காலை நகர்த்தாது. திரும்பத் திரும்பப் பழகினால்தான் கால் தானே நகரும். அதற்குத்தான் பணம் வேண்டும்.

அவர்களைக் குற்றம் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் என் வாசற்படி நினைவுக்கு வருகிறது. ஆனாலும், என்னை நம்பி யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே!