எட்டு ஜோடியும் கொஞ்சமும்

அந்த வீட்டு நோட்டில் கடன் ரூபாயில் இருக்காது, ஜோடியில் இருக்கும். பையன் ஆறாம் வகுப்பில் பாதியில் விட்ட கணக்கு நோட்டு அது. முன்பக்கம் அவனுடைய பின்னங்கள், பின்பக்கம் அவன் அம்மாவின் கணக்கு. ஒரு ஜோடி ஷூ அப்பர் தைத்தால் பன்னிரண்டு ரூபாய். தண்டல்காரருக்கு தினம் நூறு ரூபாய். அப்படியென்றால் எட்டு ஜோடி, ஒன்பதாவதில் ஒரு காலில் பாதிக்கு மேல். அந்தக் கொஞ்சத்தை அந்த அம்மா "எட்டு + கொ" என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட தெருக்களில் இது ஒன்று. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் வாசல் நேர் கீழே. வெளிச்சத்துக்காக வாசற்படியில் உட்கார்ந்துதான் தைப்பார். மழை வந்தால் ஒரு படி உள்ளே நகர்வார், கரண்ட் போனால் மறுபடி வெளியே. வீட்டுப் பேச்சும் வாசலில்தான் நடக்கும். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. பார்ப்பதோடு சரி.

வேலை இப்படி. ஏஜென்ட் பாய் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மூட்டை கொண்டு வந்து இறக்குவார். அதில் ஷூவின் பக்கத்தோலும் மேல்முகப்புத் தோலும் தனித்தனியாக, ஓரத்தில் துளை போட்டு வரும். மெழுகு பூசிய ஒரே நூலில் இரண்டு முனைக்கும் இரண்டு ஊசி. ஒரு துளைக்குள் இரண்டும் எதிரெதிராகப் போய், இரண்டு கையையும் விரித்து இழுக்க வேண்டும். விரல் நுனிப் பக்கம் வரும்போதுதான் சிரமம். பெரிய தோலைச் சின்னத் தோலுக்குள் சுருக்கி அடக்க வேண்டும், சுருக்கம் சீராக விழ வேண்டும். ஒன்று பிசகினாலும் "ரிஜெக்ட்" என்று திரும்பி வரும், அதற்குக் காசும் கிடையாது, பிரித்துத் தைக்கும் நேரமும் போச்சு. நூல் அறுக்கும் இடத்தில், இரண்டு சுண்டுவிரல்களின் உள்பக்கமும் கறுத்துக் காய்த்திருக்கின்றன. அங்கே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மோதிரம்போல் மாட்டிக்கொள்கிறார். ஒரு நாளைக்குப் பத்து ஜோடி. சமைத்து, தண்ணீர் பிடித்து, துணி துவைத்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் பத்து.

வீட்டிலிருந்து தைக்கும் இந்தப் பெண்களைப் பற்றி இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடும் பெங்களூரின் சிவிடெப்பும் மற்றவர்களோடு சேர்ந்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அப்போது ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறவில்லை. வீட்டு உழைப்பாளர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது; இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ரேஷன் கார்டில் இந்த அம்மா இல்லத்தரசி. கணவரிடம் யாராவது கேட்டால், "அது வூட்ல சும்மாதாங்க கீது" என்கிறார். சொல்லும்போது அவர் கண் எதிரே முடிந்த அப்பர்கள் பத்துப் பத்தாகக் கட்டுப் போட்டுக் கிடக்கும்.

கணவருக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம் பக்கம் வேலை. காண்ட்ராக்டர் மூலம் தினக்கூலி, சனிக்கிழமை கணக்கு. சின்ன மகள் ஷூ கம்பெனியில் மிஷின் தையல். காலையில் கம்பெனி பஸ் ஹைவே ஓரம் வந்து அள்ளிக்கொண்டு போகும். மூன்று பேரில் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் உள்ளவள் அவள் ஒருத்திதான். அம்மா வாசலில் தைக்கும் அப்பரும் மகள் கம்பெனியில் தைக்கும் அப்பரும் ஒரே ஊருக்குக் கப்பலேறலாம். ஒன்றுக்கு மருத்துவமனைச் சீட்டு உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது.

கடன் வந்த வழி ஊரறிந்த வழி. 2023இல் மூத்த மகளைக் குடியாத்தத்தில் கொடுத்தார்கள். மண்டபம், பிரியாணி, சீர். ஆம்பூர்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி சரியில்லை என்று பேர் வாங்க முடியுமா? அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலி சேட்டு கடைக்குப் போனது. அறுபதாயிரம், ரெண்டு வட்டி, மாதம் 1,200. பிறகு மகளிர் குழுவில் நாற்பதாயிரம். பதினைந்து நாளைக்கொரு முறை 970. இடையில் கைக்கு முடையானபோது தண்டல். பத்தாயிரம் என்று பேர், 1,500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், நூறு நாள் நூறு நூறாக வாங்குவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கடனை அடைக்கச் செலவைக் குறைக்கச் சொல்லி வாரப் பத்திரிகைகளில் வரும் யோசனைகளை நானும் படிக்கிறேன். ஓட்டலைக் குறை, ஓடிடியை நிறுத்து. இந்த வீட்டில் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? கேபிளை எப்போதோ வெட்டியாயிற்று. ஞாயிறு கறி அரைக் கிலோவிலிருந்து கால் கிலோவாகி, இப்போது முட்டைக்கு வந்திருக்கிறது. அரிசி ரேஷன், அந்த அம்மாவுக்குப் போக்குவரத்து மகளிர் இலவசப் பேருந்து. உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிய அன்றே குழுத் தவணைக்குப் போய்விடும். இங்கே திட்டமிடுவது என்றால் எதைக் குறைப்பது என்பதல்ல, எதை முதலில் கட்டுவது என்பதுதான். அதில்தான் மூன்று பேரும் மூன்று கட்சி.

அப்பா சங்கிலிக் கட்சி. நகை ஏலத்துக்குப் போனால் மானம் போச்சு, முதலில் சேட்டுக்குக் கட்டு. அம்மா குழுக் கட்சி. குழுவில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஜாமீன். இவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் வாசலில் வந்து நிற்பார்கள், அதில் ஒருத்தி இதே தெருவில் குழாயடியில் தினமும் பார்க்கிற முகம். மகள் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் தண்டல்தான்மா அதிகமா தின்னுது, அத முடி" என்கிறாள். கணக்குப்படி மகள் சொல்வது சரி. குழாயடிப்படி அம்மா சொல்வது சரி. அப்பா சொல்வது எந்தப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சங்கிலி பேச்சு வரும்போது அந்த அம்மாவின் கை வெறுங்கழுத்துக்குப் போய்த் திரும்பும், அதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

குழு வசூலுக்கு வருகிற பையனுக்கு இருபத்து மூன்று வயது இருந்தால் அதிகம். "அக்கா, சீக்கிரம்க்கா, இன்னும் மூணு சென்டர் போணும்." முன்பெல்லாம் வசூலாகும்வரை பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான். வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் சட்டப்பேரவை சட்டம் கொண்டுவந்த பிறகு இருட்டினால் எழுந்து போய்விடுகிறான். 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி ஒன்றும் உண்டு: இந்த மாதிரிக் குடும்பங்களுக்குத் தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். தண்டல் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, விதி அதை எப்படிப் பார்க்கும்? தண்டல்காரர் வைத்திருப்பது சட்டைப் பைக்குள் அடங்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு நூறுக்கும் அதில் ஒரு கோடு.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை ஐம்பது சதவீதம் ஆக்கியது. செப்டம்பரில் ஏஜென்ட் பாயின் மூட்டை சிறுத்தது. "ஆர்டர் நிக்குது மா, நான் இன்னா பண்றது" என்று அவரே நொந்துகொண்டார். பத்து ஜோடி ஆறானது, சில நாள் நாலு. வாசற்படியிலிருந்து அந்த அம்மா சீக்கிரம் எழுந்துவிடுவதை மாடியிலிருந்தே கவனிக்க முடிந்தது. மகள் கம்பெனியிலும் ஓவர்டைம் நின்றது. நோட்டில் "எட்டு + கொ" இருந்த இடத்தில் வெறும் நாலு. மிச்சத்துக்கு மாமனார் காலத்துப் பித்தளை அண்டா போனது.

ஒரு நாள் காலையில் புது ஆள் ஒருவர் வந்து, "அண்ணன் இருக்காரா?" என்றார். அந்த அம்மா புரியாமல் பார்த்தார். அவர் கையிலும் ஓர் அட்டை. கணவர் தோல் ஷாப் பக்கத்திலேயே இன்னொரு தண்டல் வாங்கியிருக்கிறார், முதல் தண்டலைத் தடங்கலில்லாமல் கட்டுவதற்காக. தினம் நூறும் நூறும் இருநூறு. பத்து ஜோடி முழுதாக வந்த காலத்திலேயே அந்த அம்மாவின் சம்பாத்தியம் 120. அன்று சாயங்காலம் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. மகள் மட்டும், "நைனா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், டீக்கடையில் டீ குடிக்காமல் நின்றார்.

வழி வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. அந்த வருஷம் தங்கம் ஏறிய ஏற்றம் ஊருக்கே தெரியும். டிசம்பரில் சவரன் லட்ச ரூபாயைத் தாண்டியது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் வயிற்றில் புளி கரைந்த அதே வாரம், அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை. சவரன் நாற்பத்தைந்தாயிரம் சொச்சம் விற்றபோது வைத்த சங்கிலி. இன்றைக்கு அதே சங்கிலிக்கு மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல். சேட்டு கடையிலிருந்து மீட்டு வங்கியில் வைத்தால் வட்டியும் பாதிக்குக் கீழே, தண்டல் இரண்டையும் முடிக்கப் பணமும் வரும். ஆனால் மீட்பதற்கு அறுபதாயிரமும் இரண்டு மாத வட்டியும் கையில் வேண்டுமே! அந்த அம்மாவின் தம்பி, பிள்ளைகளின் மாமா, மாதனூரிலிருந்து வந்தார். மாட்டை விற்று வைத்திருந்த பணம். காலையில் கைமாத்தாகக் கொடுத்து மத்தியானத்துக்குள் திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அன்று வேறு வேலையாக நானும் அந்த வங்கி வரிசையில் நின்றேன். மதிப்பீட்டாளர் சங்கிலியைக் கல்லில் உரசி, தராசில் போட்டு, "ஒண்ணேகால் வரைக்கும் தரலாம்மா, எவ்ளோ போடட்டும்?" என்றார். லட்சத்து இருபத்தையாயிரம். தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். சேட்டுக்கு 62,400. தண்டல் இரண்டின் பாக்கி 12,300. கட்டணம், ஃபாரம் என்று ஏதாவது பிடிப்பார்கள். "எழுபத்தாறாயிரம் போதும் சார்." மதிப்பீட்டாளர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். எனக்குப் பின்னால் நின்றவர், "குடுக்கறப்போ வாங்கிக்காம..." என்று முணுமுணுத்தார்.

மகளுக்கு அதில் ஒரு மனத்தாங்கல். தண்டலை முன்கூட்டிக் கட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது. பிடித்த 1,500 பிடித்ததுதான். வங்கியில் வட்டிக்கு வாங்கி, வட்டி முன்பே எடுக்கப்பட்ட கடனை ஏன் அவசரமாக அடைக்க வேண்டும், நாள்படியே கட்டியிருக்கலாமே? கணக்கில் அவளைப் பிடிக்க முடியாது. அம்மா நூலுக்கு மெழுகு தடவியபடியே சொன்னார்: "அவன் நம்ம வாசலுக்கு வர்றது நிக்கும்ல." நான் அம்மா கட்சி. தண்டலின் கொடுமை வாங்கிய தண்டலில் இல்லை, அதைக் கட்ட வாங்கப்போகும் அடுத்த தண்டலில் இருக்கிறது. இருநூறு ரூபாய்க்கு வழியில்லாத காலையில் அது பிறக்கும்.

ஜனவரியிலிருந்து நோட்டில் பத்தி மாறியிருக்கிறது. வங்கி வட்டி மாதம் அறுநூறு சொச்சம். குழுவுக்கு இரண்டு 970. மீதி வருவதில் மாதம் மூவாயிரம் அசலுக்கு என்று மகள் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதில் ஆயிரம் அவளுடையது. பாய் மூட்டை ஏழு ஜோடி, எட்டு ஜோடி என்று ஏற ஆரம்பித்திருக்கிறது. கணவர் சனிக்கிழமைக் கூலியைக் கவரோடு மனைவி மடியில் போடுகிறார். அந்த அம்மா அதிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துத் திருப்பித் தருகிறார், டீக்கு. பழைய தண்டல்காரர் மட்டும் தெருவில் போகிறபோது பைக்கை மெதுவாக்கி, "பதினஞ்சா வேணும்னாலும் தரேன்க்கா, நல்ல பார்ட்டி நீங்க" என்கிறார். இந்தத் தெருவில் அந்த அம்மாவை அப்படிப் பாராட்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

போன வாரம் சோளிங்கரிலிருந்து ஒரு வரன் விசாரித்து வந்தார்கள், சின்ன மகளுக்கு. அவர்கள் போனபின் மகள் பேசியது மாடி வரைக்கும் கேட்டது.

"எனக்கு ஒரு சவரன்கூட வேணாம். சொல்லிட்டேன்."

"அத உன் மாமியார் கிட்ட எழுதி வாங்கினு வா" என்றார் அம்மா. "நோட்டுல ஒட்டி வெச்சிக்கிறேன்."