கால் ஒன்று, கணக்கு ரெண்டு

காரைக்கால்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், இலங்கையில் 2012இல் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதம், போரினாலா என்று கேட்டிருக்கிறாய். போரும் உண்டு. ஆனால் கேட்ட கேள்வியே வேறம்மா. அங்கே பார்க்க, கேட்க, நடக்கச் சிரமமா என்று கேட்டார்கள். இங்கே, இவர் ஊனமுற்றவரா என்று கேட்டார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் யார் ஆமாம் என்பார்கள்? கண்புரை விழுந்த பாட்டி பின்கட்டில் இருப்பாள். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பார்கள்.

சுகாதாரத் துறையில் இருந்தவன் என்பதால் இதற்கு உதாரணமாக யானைக்கால் நோயைத்தான் சொல்ல வருகிறது. அந்த நோயைத் தருகிற புழுவின் குஞ்சு ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால் தூங்குகிறவர்களை எழுப்பி, ரத்தம் எடுக்க விரலில் குத்துவோம். வாங்கிய வசவுக்கு அளவில்லை. ஒரு கடியில் வருகிற நோயில்லை இது. வருஷக்கணக்கில் கடிபட வேண்டும். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் பரப்புகிறது. நம்முடையதோ கடைமடைப் பூமி, தண்ணீர் வடிய வாட்டமில்லை. மூடிய சாக்கடையும் ஜன்னல் வலையும் உள்ள தெருக்காரன் தப்பிக்கிறான். திறந்த வாய்க்கால் ஓரம் குடிசை போட்டவன் மாட்டிக்கொள்கிறான்.

நோய் வந்த பிறகும் காசுதான் பேசும். டி.இ.சி. மாத்திரை ரத்தத்திலுள்ள குஞ்சைக் கொல்லும், வீங்கிய காலை வற்றவைக்காது. தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் கட்டுக்குள் நிற்கும். கழுவாவிட்டால் புண் வழியாகக் கிருமி ஏறும். நெறிகட்டிக் குளிர்காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் பருக்கும். உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவருக்கு இதெல்லாம் முடியும், பத்து வருஷம் கழித்தும் கடைக்கு வருவார். நடவு நடுகிற பெண் நாளெல்லாம் சேற்றில் நிற்கிறாள். காலை எங்கே உயர்த்துவாள்? புழு ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். ஊனம் அவளுக்குத்தான். கூலி போய்விட்டால் மருந்தும் போய்விடும், அதற்கு நான் என்ன சொல்ல?

நீ நாகப்பட்டினம் பக்கம் கணக்கெடுக்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். 'ஊனம்' என்று வாயெடுக்காதே. கடைத்தெரு வரை நடப்பீர்களா, போன வருஷம் செய்த வேலையை இப்போதும் செய்கிறீர்களா என்று கேள். பின்கட்டையும் எட்டிப் பார். தெருவில் சாக்கடை எப்படி இருக்கிறது என்று படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதி வை.

திரும்பும்போது இங்கே இறங்கு. அத்தை கோலா மீன் கேட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா