பெயர் உண்டு, ஆள் இல்லை

தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வந்து கற்ற பழைய மாணவர் எவரும் பிரட்டுக்களத்தை மறந்திரார். விடியற்பனியில் செக்றோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவர். பெயர் ஏட்டில் இருக்கும். ஆள் களத்தில் இரார். விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பதிவேட்டைக் கணினியில் அமைத்த எமக்கும் அத்தகையதோர் அநுபவம் வாய்த்தது.

மாணவர், பெற்றோர், தோட்டம், சந்தா, விழா என ஐந்து அட்டவணைகளை மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் வகுத்திருந்தோம். கணினி முதுமையெய்தியமையால் அட்டவணைகள் இருந்த கோப்புறையைப் பிரதிசெய்து புதிய கணினியில் இட்டோம். மறுநாள் ஐந்து பெயர்களும் திரையில் தோன்றின. சந்தாவும் விழாவும் திறந்தன. ஏனைய மூன்றையும் கேட்டபோது, அப்படியோர் அட்டவணை இல்லையென்றே விடை வந்தது!

எட்கார் கொட் என்னும் அறிஞர் 1970 இல் வெளியிட்ட தொடர்புமுறையைத் தழுவி, ஒருவர் பெயரை ஓரிடத்தில் எழுதிப் பிறவிடங்களில் அவரது இலக்கத்தை மட்டுமே குறித்திருந்தோம். ஆதலின், இன்ன இலக்கத்தார் சந்தா செலுத்தினார் என்பது தெரிந்தது. அவர் யாவர் என்பது தெரியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்ததையும், 2003 இல் வேறொரு சட்டம் வரும்வரை பலர் அஃதின்றியே வாழ்ந்ததையும் அறிந்தோர் நாம். தந்தை பெயரும் பிறந்த தோட்டமும் பொறித்த ஏடு அம்மக்களுக்கு எத்துணைப் பெரிது!

கிருமியோ, எவரேனும் செய்த குறும்போ என ஐயுற்றோம். பிழை எம்முடையதே. மைஎஸ்கியூஎல்லின் 5ஆம் வரிசைப் பதிப்புகளில் மைஐசாம் வகை அட்டவணை தன் கோப்புகள் யாவற்றையும் தன் கோப்புறையிலேயே வைத்திருக்கும். இனோடிபி வகையோ தன் வடிவத்தை ஒரு சிறு கோப்பாக அங்கே வைத்து, உள்ளடக்கத்தின் விவரப் பதிவைக் கோப்புறைக்கு வெளியேயுள்ள ஐபிடேட்டா1 என்னும் பொதுக் கோப்பில் வைக்கும். நாம் எடுத்துவந்தது பெயர்ப்பலகை. வீடு பழைய கணினியிலேயே நின்றது.

அக்கணினியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கவிருந்தோம். அன்று பெய்த மழையே அதனைக் காத்தது. அதன் வன்தட்டைக் கழற்றி, பொதுக் கோப்பையும் பதிகைக் கோப்புகளையும் அட்டவணைக் கோப்புறையையும் ஒருங்கே எடுத்து, சேவையகத்தை நிறுத்தியபின் அதே பதிப்பில் வைத்து இயக்கினோம். மூன்று அட்டவணைகளும் திறந்தன. முதலில் வந்த பெயர், தாய்நாடென அனுப்பப்பட்ட இந்தியாவுக்கு 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ்ச் சென்ற எம் வகுப்புத் தோழர் ஒருவருடையது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

இப்பொழுது மாதந்தோறும் முழுப் பதிவையும் மைஎஸ்கியூஎல்டம்ப் கொண்டு எழுத்துவடிவில் எடுத்து, வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தே வைக்கிறோம். மீட்டுப் பாராத பிரதி பிரதியன்று. பெயரைக் கண்டு அமையாது, ஆளும் உளரோவெனக் கூப்பிட்டுப் பார்த்தலே பதிவேடு காப்போர் கடன் என்பதை இளைய மாணவர்க்கு எமது அநுபவமாகக் கூறி அமைகின்றோம்.